இராமானுஜனுக்கு என்ன வருத்தம்?

வெலிமடைப் பக்கத்துப் பாடசாலைகளில் 31 வருடங்கள் கணிதம் கற்பித்தேன். இராமானுஜனின் கதையைச் சொல்லாமல் ஒரு வகுப்பையும் வெளியே அனுப்பியதில்லை. இடைவேளைக்குப் பிறகு பிள்ளைகள் கொட்டாவி விடும் பாடவேளைக்கு அதைவிட நல்ல மருந்து கிடையாது. கும்பகோணத்து ஏழைப் பையன் கேம்பிரிட்ஜுக்குப் போனதைச் சொல்வேன். சுகயீனமாகக் கட்டிலில் கிடந்தபடியே, 1729 என்ற டாக்ஸி இலக்கத்தை இரு கனங்களின் கூட்டுத்தொகையாக இரண்டு விதமாக எழுதலாம் என்று அவர் சொன்னதைச் சொல்வேன். 1இன் கனமும் 12இன் கனமும் ஒரு விதம்; 9இன் கனமும் 10இன் கனமும் மற்ற விதம். ஒன்றிரண்டு பிள்ளைகள் உடனே கொப்பியைத் திறந்து பெருக்கிப் பார்ப்பார்கள். அந்த ஒன்றிரண்டு பேருக்காகத்தான் நான் அந்தக் கதையைச் சொன்னேன்.

கதை முடிந்ததும் எந்த வகுப்பிலும் ஒரு பிள்ளையாவது கேட்கும், அவர் எதனால் இறந்தார் சேர் என்று. காசநோய் என்பேன். வயது 32 என்பேன். கரும்பலகையைத் துடைத்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவேன்.

நான் சொன்னது அக்காலத்து வைத்தியர்கள் சொன்னதுதான். ஆனால் அது நிரூபிக்கப்பட்ட ஒன்றல்ல என்பது ஓய்வுபெற்ற பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது. அதுவும் ஒரு வைத்தியசாலையின் வெளி வராந்தாவில், வாங்கில் உட்கார்ந்திருந்தபோது.

என் மூத்த நானா குருத்தலாவைப் பக்கம் தோட்டம் செய்பவர். உருளைக்கிழங்கு, போஞ்சி, கோவா. சீனி வருத்தம் அவருக்குப் பத்து வருடத்துக்கு மேல். ஒரு மழைக்காலத்தில் மெலியத் தொடங்கினார். சாரத்தை எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் நழுவியது. களைப்பு என்று தோட்டத்துக்குப் போவதை விட்டார். மஃரிபுக்குப் பிறகு உடம்பு லேசாகச் சுடும், விடியும்போது சரியாகிவிடும். சாப்பாட்டில் விருப்பமில்லை. இருமல் கொஞ்சம் இருந்தது, ஆனால் எங்கள் குளிருக்கு இருமாதவர் யார்?

வைத்தியசாலையில் இரத்தம் பார்த்தார்கள். சீனி 300ஐத் தாண்டியிருந்தது. காரணம் கிடைத்துவிட்டது என்று எல்லோருக்கும் ஒரு நிம்மதி. சீனி கூடினால் மெலியும், களைக்கும், உண்மைதானே. குளிசையைக் கூட்டினார்கள். அடுத்த மாதமும் கூட்டினார்கள். பிறகு ஊசிக்கு மாற்றினார்கள். சீனி கொஞ்சம் இறங்கியது, ஆனால் நானா எழும்பவில்லை.

மாதா மாதம் அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போவது என் பொறுப்பு. இலக்கம் கூப்பிடும் வரை நாலைந்து மணித்தியாலம் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் வாசிப்பதற்கென்று, ரொபர்ட் கனிகல் 1991இல் எழுதிய இராமானுஜனின் வாழ்க்கை வரலாற்றை மகன் கொழும்பிலிருந்து அனுப்பியிருந்தான். கணிதத்தை எதிர்பார்த்துத்தான் திறந்தேன். நானாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்ததாலோ என்னவோ, ஒரு நோயாளியின் கதையாகவே அது எனக்குப் பட்டது. அதன் பிறகு தேடி வாசித்தவற்றையும் சேர்த்து, அந்த நோயாளியைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

சிறீனிவாச இராமானுஜன் 1887 டிசம்பர் 22இல் ஈரோட்டில், தாயின் பிறந்தகத்தில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில், சாரங்கபாணி சன்னிதித் தெருவில். தகப்பன் துணிக்கடையில் கணக்கெழுதுபவர். இரண்டு வயதில் பெரியம்மை வந்தது. அந்த வருடம் அப்பகுதியில் பல பிள்ளைகளைக் கொண்டுபோன வருத்தம், இவரை விட்டுவிட்டது. பின்னால் பிறந்த சகோதரங்கள் சிலர் குழந்தையிலேயே இறந்தார்கள். உம்மாமார் பிள்ளையின் உடம்பைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கும் காலம் அது.

பள்ளிக்கூடத்தில் கெட்டிக்காரன். பதினாறு வயதளவில் கார் என்பவர் தொகுத்த, ஆயிரக்கணக்கான கணித முடிவுகளை நிறுவல் இல்லாமல் அடுக்கிவைத்த ஒரு புத்தகம் கைக்கு வந்தது. அதன் பிறகு வேறு எந்தப் பாடமும் அவருக்குத் தேவைப்படவில்லை. ஆங்கிலத்தில் தவறி, கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் கிடைத்த புலமைப்பரிசிலை இழந்தார். 1906இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். இந்த இடத்தில் எல்லா வாழ்க்கை வரலாறுகளும் பரீட்சைத் தோல்வியைத்தான் பெரிதாக எழுதுகின்றன. நானும் வகுப்பில் அதைத்தான் சொன்னேன், பரீட்சையில் தவறியவரும் மேதையாகலாம் என்று பிள்ளைகளுக்கு ஆறுதல் சொல்ல. ஆனால் அதே வருடத்தில் இன்னொன்று நடந்தது. அவருக்குக் கடுமையான வயிற்றுளைவு, அதாவது சீதபேதி வந்து, படிப்பை நிறுத்திவிட்டு மூன்று மாதம் கும்பகோணத்தில் கிடந்தார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய வைத்தியர்கள் இதை வைத்துக்கொள்ளவில்லை.

1909 ஜூலையில் ஜானகியுடன் திருமணம். மணமகளுக்கு வயது பத்து. அடுத்த வருடத் தொடக்கத்தில் விரைவீக்கத்துக்குச் சத்திரசிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. வீட்டில் காசில்லை, ஒரு வைத்தியர் இலவசமாகவே செய்து கொடுத்தார். அந்தக் காலத்திலேயே மீண்டும் ஒருமுறை, தான் பிழைக்க மாட்டேன் என்று நினைத்துத் தன் கணிதக் கொப்பிகளை ஒரு நண்பரிடம் ஒப்படைக்குமளவுக்குச் சுகமில்லாமல் போனார். எழும்பினார், வேலை தேடினார், 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாவுக்கு எழுதுவினைஞரானார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்குக் கடிதம் எழுதியதும், அவர் திகைத்துப்போய் இவரை அழைத்ததும் நீங்கள் அறிந்த கதை. 1914 மார்ச் 17இல் கப்பலேறினார்.

அவர் போய் நான்கு மாதத்தில் முதலாம் உலக யுத்தம் தொடங்கியது. ட்ரினிட்டிக் கல்லூரிச் சாப்பாட்டு மண்டபத்தில் அவர் சாப்பிடுவதில்லை. மரக்கறி மட்டுமே உண்ணும் பிராமணர், பாத்திரத்தில் மிருகக் கொழுப்புப் பட்டிருக்கும் என்ற பயம். தன் அறையில் தானே சமைத்துக்கொண்டார். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஹலால் தேடி வெளிநாட்டில் அலைந்த நம் பிள்ளைகளுக்கு அந்தக் கஷ்டம் தெரியும். ஆனால் யுத்தகாலத்தில் மரக்கறியும் பழமும் அருகின. கணக்கில் மூழ்கினால் விடிய விடிய வேலை செய்வார், பசி வந்தாலும் சமைக்க அலுப்பு. வீட்டுக் கடிதங்கள் குறைந்தன. தாய்க்கும் மனைவிக்கும் இடையே பிணக்கு. கடலில் நீர்மூழ்கிகள் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்ததால் ஊருக்குத் திரும்பவும் வழியில்லை.

1917 வசந்த காலத்தில் படுத்தார். காய்ச்சல் வந்து வந்து போனது. மெலிந்தார். வயிற்றில் வலி. இந்த மூன்றும் எந்த வருத்தத்துக்குச் சொந்தம் என்று ஒரு வைத்தியரைக் கேட்டுப் பாருங்கள், ஒரு நீண்ட பட்டியல் சொல்வார்.

முதலில் சொன்ன பெயர் இரைப்பைப் புண். வயிற்று வலிக்கு அது பொருந்தியது, காய்ச்சலுக்குப் பொருந்தவில்லை. அதைக் கைவிட்டார்கள். அடுத்தது காசநோய். அக்கால இங்கிலாந்தில் மெலிந்து காய்ச்சலில் கிடக்கும் இளைஞனுக்கு எல்லோருடைய மனதிலும் முதலில் வருவது அதுதான். 1917 ஒக்டோபர் அளவில் மெண்டிப் மலைப் பகுதியிலிருந்த காசநோய்ச் சிகிச்சை நிலையத்துக்கு அனுப்பினார்கள். அதை நடத்தியவர் சவரிமுத்து என்ற நம்மூர்ப் பெயரைக் கொண்ட வைத்தியர் டேவிட் சௌரி முத்து. பின்னாளில், 1928இல், சென்னைக்கு அருகே தாம்பரம் சானடோரியத்தை உருவாக்கியவரும் அவரே. அங்கிருந்து டார்பிஷயரிலுள்ள மெட்லொக் நிலையத்துக்கு மாறினார். அக்காலத்தில் காசநோய்க்கு மருந்தில்லை. திறந்த காற்றுதான் வைத்தியம். ஜன்னல்களைத் திறந்துவைத்துக் குளிரில் படுக்க வைப்பார்கள். வெலிமடைக் குளிரிலேயே இரண்டு போர்வை தேடும் எனக்கு, ஆங்கிலேயப் பனிக்காலத்தில் கும்பகோணத்து மனிதர் அப்படிக் கிடந்ததை வாசிக்கவே நடுங்கியது.

பிறகு லண்டனில் பெட்டி ஷோ என்ற விசேட வைத்தியர் பார்த்தார். மற்றவர்கள் அறியாத ஒரு விடயத்தை இவர் அறிந்துகொண்டார், சில வருடங்களுக்கு முன் நோயாளிக்குச் சத்திரசிகிச்சை ஒன்று நடந்திருக்கிறது என்பதை. அந்தச் சத்திரசிகிச்சையில் அகற்றப்பட்டது உண்மையில் புற்றுநோய்க் கட்டியாக இருக்கலாம், அது இப்போது பரவியிருக்கலாம் என்று அவர் சந்தேகித்தார். மாதங்கள் போயும் நோயாளி மேலும் மோசமடையாததால் அந்தச் சந்தேகத்தையும் கைவிட்டார்கள். மீண்டும் காசநோய்க்கே திரும்பினார்கள். கீழைத்தேயத்துக்குரிய, இன்னும் சரியாக ஆராயப்படாத ஏதோ ஒரு கிருமியாக இருக்கலாமோ என்ற பேச்சும் ஒரு கட்டத்தில் வந்திருக்கிறது. கதவுக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டு, தட்டாமலே திரும்பிப் போனதைப் போல.

இடையே, 1918இன் தொடக்கத்தில், மனம் உடைந்து தன் உயிரை மாய்த்துக்கொள்ளவும் முயன்றார். தற்செயலாகத்தான் தப்பினார். ஹார்டி தலையிட்டு அவரைப் பாதுகாத்தார். பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் ஒருபோதும் சொல்லாத பகுதி இது. ஆனால் வருத்தக் கணக்கை எழுதும்போது இதை விட்டுவிட முடியாது. சாப்பிடாமை, தூங்காமை, மெலிவு, களைப்பு எல்லாம் மனவருத்தத்தின் அடையாளங்களும்தான். எது உடம்பிலிருந்து வந்தது, எது மனதிலிருந்து வந்தது என்று அன்று யார் பிரித்துப் பார்த்தார்கள்?

அதே வருடம் மே மாதம் ரோயல் சொசைட்டியின் அங்கத்தவரானார், அந்தக் கௌரவம் பெற்ற இரண்டாவது இந்தியர். ஒக்டோபரில் ட்ரினிட்டிக் கல்லூரியின் முதல் இந்திய அங்கத்தவரானார். 1729 சம்பவமும் இந்த நோய்க் காலத்துக்குரியதுதான், லண்டன் பட்னியில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் அவர் கிடந்தபோது. நான் பிள்ளைகளைச் சிரிக்க வைத்த கதை ஒரு காய்ச்சல்காரரின் கட்டிலில் நடந்தது.

யுத்தம் முடிந்ததும், 1919 பெப்ரவரி இறுதியில் கப்பலேறி ஊருக்கு வந்தார். கொடுமுடி, கும்பகோணம், மீண்டும் சென்னை என்று காற்று மாற்றிப் பார்த்தார்கள். இங்கும் பார்த்தவர் காசநோயில் தேர்ந்த வைத்தியர். இங்கும் அதே பெயர். 1920 ஜனவரியில், எலும்பும் தோலுமாகக் கிடந்தபடி, போலித் தீற்றாச் சார்புகள் என்ற முற்றிலும் புதிய கணிதத்தைப் பற்றி ஹார்டிக்குக் கடைசிக் கடிதம் எழுதினார். ஏப்ரல் 26இல் சென்னை சேத்துப்பட்டில் இறந்தார். அந்தக் கடைசி வருடத்தில் எழுதிய தாள்கள் 1976இல்தான் ட்ரினிட்டிக் கல்லூரி நூலகத்தில் ஜோர்ஜ் அன்ட்ரூஸ் என்ற அமெரிக்கக் கணிதவியலாளரின் கண்ணில் பட்டன. இன்றும் அவற்றை ஆராய்கிறார்கள்.

நோயையும் பிறகு ஆராய்ந்தார்கள். 1984இல் ரேங்கின் என்ற கணிதப் பேராசிரியர், இராமானுஜன் ஒரு நோயாளியாக எங்கெங்கே இருந்தார், யார் யார் பார்த்தார்கள் என்று பதிவுகளைத் தேடித் தொகுத்தார். 1994இல் யங் என்பவர், கிடைத்த கடிதங்களையும் குறிப்புகளையும் ஒரு நோயாளியின் கோவையைப் பார்ப்பதுபோலப் பார்த்து, ரோயல் சொசைட்டியின் வரலாற்றுச் சஞ்சிகையில் எழுதினார். அவருடைய முடிவு காசநோய் அல்ல, ஈரலில் அமீபா.

இதில் மாயமில்லை. அசுத்தமான நீரால் குடலுக்குள் போகும் அமீபா சீதபேதியை உண்டாக்கும். பேதி நின்றதும் சுகம் என்று நாம் நினைப்போம். ஆனால் சிலருடைய குடலில் அது வருடக்கணக்கில் சத்தமில்லாமல் இருந்துவிட்டு, இரத்தத்தின் வழியே ஈரலுக்குப் போய்ச் சீழ்க்கட்டியை உண்டாக்கும். அப்போது பேதி இருக்காது. காய்ச்சல் வந்து போகும், மெலியும், வயிறு வலிக்கும். 1906இல் கும்பகோணத்தில் மூன்று மாதம் கிடந்ததற்கும் 1917இல் கேம்பிரிட்ஜில் படுத்ததற்கும் இடையில் யங் கோடு இழுத்தது இப்படித்தான். நெஞ்சை உறைய வைக்கும் விடயம் இன்னொன்று. ஈரல் அமீபாவுக்கு எமட்டீன் ஊசியைப் பயன்படுத்தலாம் என்று லெனார்ட் ரோஜர்ஸ் காட்டியது 1912இல், கல்கத்தாவில். இராமானுஜன் கப்பலேறுவதற்கு இரண்டு வருடம் முன்பு, அவருடைய சொந்த நாட்டில். ஜானகி அம்மாள் 1994 வரை உயிரோடிருந்தார். அந்தக் கட்டுரையும் அவருடைய மரணமும் ஒரே வருடத்தில்.

யங் சொன்னதை எல்லோரும் ஏற்கவில்லை. இன்று எவராலும் அதை நிரூபிக்கவும் முடியாது. நானும் வைத்தியன் அல்ல. ஆனால் காசநோயா அமீபாவா என்ற வாதத்தைப் படிக்கும்போது ஒரு கணித ஆசிரியனாக எனக்கு ஓர் உறுத்தல். ஏன் ஒன்று மட்டும் இருக்க வேண்டும்?

எண்ணிப் பாருங்கள். சரியான உணவில்லாத வருடங்கள் அவருடைய உடம்பில் இருந்தன, விற்றமின் குறைபாட்டைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். மனவருத்தம் இருந்தது, அதில் வாதமே இல்லை. ஈரலில் அமீபா இருந்திருக்க நல்ல வாய்ப்பு. அப்படிப்பட்ட உடம்பில் காசநோயும் சேர்ந்திருந்தால் அது அதிசயமல்ல, பலவீனமான உடம்பைத் தேடித்தான் அது வரும். வைத்தியர்கள் ஒவ்வொரு தடவையும் ஒரு பெயரை வைத்தார்கள், அது பொருந்தாவிட்டால் அழித்துவிட்டு இன்னொன்றை வைத்தார்கள். புண் இல்லை, ஆகவே காசம். புற்று இல்லை, ஆகவே மீண்டும் காசம். காசம் இருந்தாலும் வேறொன்றும் இருக்கலாம் என்று தேடியதாக நான் வாசித்தவற்றில் காணவில்லை. ஒரு சமன்பாட்டில் இரண்டு தெரியாக்கணியங்கள் இருந்தால் எவ்வளவு கெட்டிக்காரனாலும் தீர்க்க முடியாது. இன்னொரு சமன்பாடு வேண்டும். ஒன்பதாம் தரப் பிள்ளைக்குத் தெரிந்த விடயம்.

அவர்களைக் குறை சொல்வதும் நியாயமல்ல. ஸ்கேன் இல்லாத காலம். அதோடு, எல்லா அறிகுறிகளுக்கும் ஒரே காரணத்தைத் தேடு என்பது வைத்தியத்தில் பழைய, நல்ல விதி. 14ஆம் நூற்றாண்டு ஒக்கம் என்ற துறவியின் பெயரால் அதைச் சொல்வார்கள். தேவையில்லாமல் காரணங்களைப் பெருக்காதே என்பது அதன் சாரம். இளவயது நோயாளியிடம் அது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதற்கு எதிராக, ஒரு நோயாளி தனக்கு விருப்பமான எத்தனை வருத்தங்களையும் ஒன்றாக வைத்துக்கொள்ளலாம் என்ற கருத்தில் இன்னொரு விதி உண்டு. ஹிக்கம் என்ற அமெரிக்க வைத்தியரின் பெயரில் வழங்குவது. வயது போகப் போக, பழைய வருத்தங்கள் சேரச் சேர, இந்த இரண்டாவது விதியின் கை ஓங்கும் என்று எனக்கு விளக்கிய ஒரு வைத்தியர் சொன்னார்.

எங்கள் ஊர்க் காய்ச்சல்களையே எடுங்கள். கொழும்பில் கடையில் நிற்கும் பையன் பெருநாள் விடுமுறைக்கு வந்து, வாப்பாவுடன் வயலில் இறங்குகிறான். காய்ச்சல் வருகிறது. டெங்கு என்று இரத்தம் காட்டிவிட்டால் வயல் சேற்றை யாரும் நினைப்பதில்லை. ஆனால் டெங்கும் எலிக்காய்ச்சலும் ஒரே நேரத்தில் ஒரே ஆளுக்கு வந்ததை நமது நாட்டு வைத்தியர்களே பதிவு செய்திருக்கிறார்கள். ஒன்றுக்குத் தனியான மருந்தில்லை, கவனித்துத் தாங்கிப் பிடிக்க வேண்டும். மற்றதற்கு மருந்து இருக்கிறது, நேரத்துக்குக் கொடுக்க வேண்டும்.

இங்கே அர்ராஸியின் ஞாபகம் வருகிறது. நம்மவர்கள் இப்னு ஸீனாவின் பெயரைச் சொல்லுமளவுக்கு அபூபக்ர் முஹம்மத் இப்னு ஸகரிய்யா அர்ராஸியின் பெயரைச் சொல்வதில்லை. பாரசீகத்தின் ரய் நகரத்தவர், பக்தாத் வைத்தியசாலைக்குத் தலைமை வகித்தவர், ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன் வாழ்ந்தவர். பெரியம்மையையும் சின்னமுத்தையும் பிரித்துக் காட்டித் தனி நூல் எழுதியவர். அவர் இறந்த பிறகு தொகுக்கப்பட்ட அல்ஹாவியில், அவர் பார்த்த நோயாளிகளின் குறிப்புகள் இருக்கின்றன. அவற்றில் அப்துல்லாஹ் இப்னு ஸவாதா என்பவரின் காய்ச்சல் ஒன்று. சில வேளை தினமும் வரும், சில வேளை நாள்விட்டு வரும், ஆறு நாளைக்கு ஒருமுறையும் வரும். முன்னால் சிறு நடுக்கம். சிறுநீர் அடிக்கடி போகும். ராஸி இரண்டு சாத்தியங்களை வைத்துக்கொண்டார். ஒன்று, இது நான்காம் நாள் காய்ச்சலாக மாறும். அல்லது சிறுநீரகத்தில் புண் இருக்கிறது. கொஞ்ச நாளில் சிறுநீரில் சீழ் வந்தது. இரண்டாவதுதான் சரி.

என்னைக் கவர்ந்தது அதற்குப் பிறகு அவர் எழுதியது. தான் ஏன் உடனே கண்டுபிடிக்கவில்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறார். நோயாளிக்கு முன்பே விட்டுவிட்டு வரும் காய்ச்சல் இருந்திருக்கிறது, அந்தப் பழைய வருத்தம் புதியதை மறைத்துவிட்டது. எழுந்து நிற்கும்போது இடுப்பில் பாரம் தொங்குவதுபோல் இருக்கிறதா என்று தான் கேட்க மறந்துவிட்டார். நோயாளியின் தகப்பனுக்குச் சிறுநீர்ப்பைப் பலவீனம் இருந்ததையும் தான் அறிந்திருக்கவில்லை. அக்காலத்தின் மிகப் பெரிய வைத்தியர், கேட்காத கேள்விகளைத் தன் கையாலேயே எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

நானாவின் விடயத்திலும் கேட்காத கேள்விதான். நான்காவது மாதம் வேறொரு வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். மகளுடைய வயதிருக்கும் ஒரு வைத்தியர். சீனிக் கொப்பியை வாங்கிப் புரட்டிவிட்டு மூடிவைத்தார். சீனி இருக்கட்டும், அது சரி, வேறென்ன என்பதுபோல. அந்திக் காய்ச்சலைப் பற்றிக் கேட்டார். இரவில் பெனியன் நனைய வியர்க்கிறதா என்று கேட்டார். வியர்க்கிறது என்று மதினி சொன்னார். எங்களுக்கு அதுவரை அது தெரியாது. பிறகு, முன்னே எங்கெங்கே வேலை செய்தீர்கள், யாருடன் தங்கியிருந்தீர்கள் என்று கேட்டார். நானா இளமையில் கொழும்பு புறக்கோட்டையில் ஒரு மொத்தக் கடையில் நின்றவர். கடைக்கு மேலே ஓர் அறையில் ஏழெட்டுப் பேர் படுத்தார்கள். அதில் ஒருவர் இருமி இருமி, கடைசியில் வெலிசறைக்கு அனுப்பப்பட்டார். நானா இதைச் சாதாரணமாகச் சொன்னார். வைத்தியர் பேனையை எடுத்தார்.

சளிப் பரிசோதனையில் காசநோய்க் கிருமி இருந்தது.

சீனி வருத்தம் இருப்பவருக்குக் காசநோய் வரும் ஆபத்து இரண்டு மூன்று மடங்கு கூட. காசநோய் வந்தால் சீனி கட்டுக்குள் நிற்காது. ஒன்றையொன்று வளர்க்கும் இரண்டு வருத்தங்கள். மூன்று மாதமாக நாங்கள் சீனிக்குக் கொடுத்த மருந்து பிழையான மருந்தல்ல. சரியான மருந்துதான், பாதி வருத்தத்துக்கு. இதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. பிழையான பெயரை வைத்திருந்தால் மருந்து பிடிக்காதபோது சந்தேகம் வந்திருக்கும். சரியான பெயர் இருந்ததால் சந்தேகம் வரவில்லை.

முதல் வைத்தியசாலையின் மீது எனக்குக் கோபமில்லை. ஒரு நாளைக்கு அவ்வளவு கூட்டத்தைப் பார்க்கும் வைத்தியருக்கு, புறக்கோட்டை மாடி அறையைப் பற்றி விசாரிக்க எங்கே நேரம்? அதை நாங்கள் சொல்லியிருக்க வேண்டும். எங்களுக்கோ, சொல்ல வேண்டிய விடயம் என்றே தெரியாது. இன்னொன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். காசநோய் என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் இன்னும் பயமும் வெட்கமும் இருக்கிறது. மகள் கலியாணத்துக்கு நிற்கும் வீட்டில் அந்தச் சொல்லை வாயில் எடுக்க மாட்டார்கள். சீனி என்றால் கௌரவமான வருத்தம், எல்லா வீட்டிலும் இருக்கிறது. அந்த நிம்மதியும் எங்கள் கண்ணைக் கட்டியிருக்கலாம். மருந்து அரசாங்கத்தின் மார்பு நோய்க் கிளினிக்குகளில் இலவசம். ஆறு மாதம் ஒழுங்காகக் குடித்தால் சுகமாகும் வருத்தம். இராமானுஜனின் காலம் அல்ல இது.

நானா ஆறு மாதமும் குடித்தார். வீட்டிலுள்ளவர்களையும் கூப்பிட்டுப் பரிசோதித்தார்கள். பேரப்பிள்ளை ஒன்றுக்கும் சில மாதம் மருந்து கொடுக்க வேண்டியிருந்தது. அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை இப்போது ஓடித் திரிகிறது. நானாவின் ஒரு பக்க நுரையீரலில் வடு நின்றுவிட்டது. மேட்டுத் தோட்டத்துக்கு ஏறும்போது பாதி வழியில் ஒருமுறை உட்காருவார். சீனி அப்படியே இருக்கிறது, ஊசி தொடர்கிறது.

அவருக்காக நான் ஒரு சீஆர் கொப்பி போட்டுக் கொடுத்தேன். சிறு வயதிலிருந்து வந்த வருத்தங்கள், வைத்தியசாலையில் தங்கியது, சத்திரசிகிச்சை, வேலை செய்த இடங்கள், வாப்பா உம்மாவுக்கு இருந்த வருத்தங்கள், குடிக்கும் குளிசைகள். நாட்டு மருந்தும் ஓதிய தண்ணீரும் உட்பட. நானாவுக்கு எழுதப் பொறுமையில்லை, மதினிதான் கேட்டுக் கேட்டு எழுதுகிறார். முதல் நாள் ஒன்றுமில்லை, எனக்கென்ன வருத்தம் என்றவர், ஒரு கிழமையில் நாலு பக்கம் சொல்லிவிட்டார். நேற்று நான் போனபோது ஐந்தாம் பக்கத்தில் புதிதாக ஒரு வரி இருந்தது. புறக்கோட்டையில் நின்ற காலத்தில், எந்த வருடம் என்று ஞாபகமில்லை, ஒரு மாதத்துக்கு மேல் சீதபேதி.